இறங்கு என்று சொல்லும் முன்: நெல்லைச் சீமை முதுகு மருத்துவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய எலும்பு மருத்துவர்களுக்கும் இயன்முறை மருத்துவர்களுக்கும் வணக்கம்.

பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட், வண்ணார்பேட்டை, தூத்துக்குடி, தென்காசி, திருச்செந்தூர் என்று பழைய திருநெல்வேலி ஜில்லா முழுவதும் முதுகு பார்க்கும் உங்கள் எல்லோருக்கும் சேர்த்தே இதை எழுதுகிறேன். யாரையும் தனியாகக் குறிவைக்கவில்லை. ஒருவர் மட்டும் சொல்லியிருந்தால் அவரிடமே நேரில் போய்ச் சண்டை போட்டு முடித்திருப்பேன். நான் பார்த்த மருத்துவர்களில் ஒருவரைத் தவிர மற்ற எல்லோரும் வாய் திறந்ததும் ஒரே வாக்கியத்தைத்தான் சொன்னார்கள்: "முதலில் குதிரை ஏறுவதை நிறுத்துங்கள்." மடலைத் திறந்தே எழுத வேண்டியதாகிவிட்டது.

நான் உடன்குடிப் பக்கத்துக்காரி. செம்மணல் மேடான தேரிக்காட்டு ஓரத்தில் எங்களுக்குக் கொஞ்சம் பனையும் முருங்கையும் உண்டு. வயது ஐம்பதை நெருங்குகிறது. கணக்கு எழுதும் உத்தியோகம். கொல்லையில் ஒரு லாயம். அதில் காது நுனிகள் இரண்டும் உள்வளைந்து ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருக்கும் செவலை நிறக் கத்தியவாரி இனப் பெட்டைக் குதிரை ஒன்று. என் கீழ் முதுகில் நாலாம் எலும்புக்கும் ஐந்தாம் எலும்புக்கும் நடுவே டிஸ்க் பிதுங்கியிருப்பதாக ஸ்கேன் சொல்கிறது. பெட்டை வருவதற்கு முன்பே வலி வந்துவிட்டது. இதை நான் சொன்னபோது எந்த மருத்துவரும் குறித்துக்கொண்டதாகத் தெரியவில்லை.

எப்படிப்பட்ட வலி என்று கேட்பீர்கள். ஒன்று முதல் பத்துவரை ஓர் எண்ணைச் சொல்லச் சொல்வீர்கள். எண்ணாகச் சொல்ல எனக்கு வருவதில்லை. நல்ல வாரங்களில் இடுப்பின் இடப்பக்கம் ஒரு கடுப்பு இருந்துகொண்டே இருக்கும்; வேலையில் அதை மறந்தும் போகலாம். கெட்ட வாரங்களில் பல் தேய்க்கக் குனிந்தால் தொட்டியின் விளிம்பைப் பிடிக்காமல் நிமிர முடியாது. தும்மல் வரப்போகிறது என்றால் கை சுவரைத் தேடிப் போகும். பின்தொடை வழியாகக் கெண்டைக்கால்வரை ஒரு குடைச்சல் இறங்கும். எப்போது வரும், எப்போது போகும் என்பதற்குப் பஞ்சாங்கம் எதுவும் இன்றுவரை கிடைக்கவில்லை.

உங்கள் சொல்லுக்கு மரியாதை கொடுத்து நிறுத்தியும் பார்த்தேன். செவலையைப் பக்கத்து ஊர் அண்ணாச்சி ஒருவரின் தோட்டத்தில் விட்டுவிட்டு, ஐப்பசி மழையில் தொடங்கி மறு கோடைவரை சேணத்தைத் தொடவில்லை. வலி போகவில்லை. குதிரைக்காக விடியற்காலையில் எழுந்து நடந்த நடைதான் போயிற்று. அலுவலக நாற்காலி, பஸ் இருக்கை, வீட்டு நாற்காலி என்று ஒன்றிலிருந்து எழுந்து இன்னொன்றில் உட்கார்ந்ததில் இடுப்பு இன்னும் இறுகியது; தூக்கம் கெட்டது; எடை ஏறியது. "நிறுத்திவிட்டேன் டாக்டர், வலி அப்படியேதான் இருக்கிறது" என்று போய் நின்றேன். அவர் என் வீட்டுக்காரரைப் பார்த்து, "வயதாகிறதல்லவா, ஓய்வாக இருக்கச் சொல்லுங்கள்" என்றார். வலி எனக்கு, மருந்துச் சீட்டு என் பெயரில், பேச்சு மட்டும் அவரிடம். (வீட்டுக்காரர் குதிரையைத் தொட்டுக்கூடப் பார்க்காதவர். முதுகு வலி என்றால் என்னவென்றே அறியாதவர் என்பதையும் பொறாமையோடு இங்கே பதிவு செய்கிறேன்.)

குதிரை இந்தச் சீமைக்குப் புதிதா என்ன? எங்கள் பக்கத்துச் செம்மண் தேரிக்கே குதிரைமொழித் தேரி என்றுதான் பெயர். காயல் துறையில் அரபு நாட்டுக் குதிரைகள் கப்பல் கப்பலாக இறங்கிய காலம் உண்டு. 13ஆம் நூற்றாண்டின் கடைசியில் இந்தக் கரைக்கு வந்த மார்க்கோ போலோ, பாண்டிய மன்னர் ஆண்டுக்கு இரண்டாயிரத்துக்கும் மேல் குதிரை வாங்குகிறார், ஆண்டு முடிவதற்குள் அவற்றில் நூறுகூட மிஞ்சுவதில்லை என்று எழுதி வைத்திருக்கிறார். காரணத்தையும் அவரே சொல்கிறார்: குதிரையைப் பேணத் தெரிந்தவர்கள் இங்கே இல்லை, விற்கும் வணிகர்களோ அந்த வித்தை தெரிந்தவர்களை இந்தப் பக்கம் வர விடுவதில்லை. குதிரை செத்தால்தானே அடுத்த கப்பல் விலை போகும்! திருப்புடைமருதூர்க் கோயில் கோபுரத்தின் உள்ளே கப்பலில் குதிரைகள் வருகிற ஓவியம் இருக்கிறது. குதிரைகளின் எண்ணிக்கையையும் விலையையும் இவ்வளவு அக்கறையாகக் குறித்து வைத்தவர்கள், ஏறினவர்களின் இடுப்பைப் பற்றி ஒரு வரி எழுதி வைக்கவில்லையே என்று எனக்கு ஓர் ஆதங்கம். இன்றைய நோயாளிக் கோப்புகளிலும் அந்த வரி இல்லை.

இன்று குதிரையோடு பிழைப்பவர்கள் யார் என்று பாருங்கள். கோயில் கொடைகளை ஒட்டி நடக்கும் பந்தயங்களில் குதிரை வண்டி ஓட்டுபவர்; கல்யாண ஊர்வலத்துக்கு வாடகைக்கு விடுபவர்; கடற்கரையில் பிள்ளைகளை ஏற்றி ஒரு சுற்றுக் கூட்டிப்போய் இறக்கிவிடுபவர்; லாடம் அடிப்பவர். பிறகு என்னைப் போல ஆசைக்கு வளர்ப்பவர்கள். நிறுத்து என்றால் நிறுத்த முடிந்தவர்கள் இந்தக் கடைசி வகையினர் மட்டும்தான். மற்றவர்களுக்கு நீங்கள் தருவது மருத்துவ ஆலோசனை அன்று, வேலைநீக்க உத்தரவு.

எனக்குத் தெரிந்த பந்தய ஓட்டி ஒருவர் இருக்கிறார், என்னைவிடப் பல வயது இளையவர். வண்டியின் முன்னோரத்தில் தொற்றிக்கொண்டு, தார்ச்சாலையின் ஒவ்வொரு மேடு பள்ளத்தையும் முதுகெலும்பால் எண்ணிக்கொண்டு ஓட்டுகிறவர். "தம்பி, டாக்டரைப் பார்த்தீர்களே, என்ன சொன்னார்?" என்று கேட்டேன். "வண்டியை விடச் சொன்னார் அக்கா. விட்டுவிட்டு என்ன செய்ய என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை" என்றார். அவர் மறுபடி அந்த மருத்துவரிடம் போகவில்லை. மருந்துக் கடைக்குப் போனார். பந்தயத்துக்கு முந்தின இரவு ஒரு டைக்ளோஃபெனாக் வலிமாத்திரை, காலையில் இன்னொன்று. கழுத்தில் மாலை விழுந்தபின் மூன்றாவது.

இந்த இடத்தில் ஒரு சின்ன விஷயம். கால்நடைகளுக்கு டைக்ளோஃபெனாக் கொடுப்பதை 2006இல் இந்திய அரசு தடை செய்தது. அந்த மருந்து செலுத்தப்பட்டு இறந்த கால்நடைகளைத் தின்ற பாறு கழுகுகள் சிறுநீரகம் கெட்டுக் கூட்டம் கூட்டமாகச் செத்தன என்பதுதான் காரணம். ஆகக் குதிரைக்குப் போடக்கூடாத மருந்தைக் குதிரைக்காரர் பொரிகடலை மாதிரி வாங்கி விழுங்கிக்கொண்டிருக்கிறார். அவருடைய இரைப்பையும் சிறுநீரகமும் என்ன ஆகும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. "விட்டுவிடு" என்ற சொல் ஒரு நோயாளியையும் குதிரையிலிருந்து இறக்கவில்லை. உங்கள் வாசலிலிருந்துதான் இறக்கிவிட்டிருக்கிறது.

குதிரைக்காரர்களுக்கு மட்டும்தான் இந்தக் கதி என்றும் இல்லை. முக்கூடல், ஆலங்குளம், கடையம், மேலப்பாளையம் பக்கமிருந்து உங்களிடம் வரும் பீடி சுற்றும் பெண்களை எடுத்துக்கொள்ளுங்கள். மடியில் சுளகு, அதில் தூளும் வெட்டிய இலையும், கவிழ்ந்த கழுத்து, காலையிலிருந்து எதிலும் சாயாத முதுகு. அவர்களிடம் "தரையில் உட்காராதீர்கள்" என்கிறீர்கள். பத்தமடையில் கோரைப்பாய் நெய்கிறவருக்கும் அதுவே. எங்கள் ஊர்ப் பனையேறிக்கு "மரம் ஏறாதே." சீட்டை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு அவர்கள் எல்லோரும் அன்று மாலையே அதே இடத்தில் போய் உட்காருகிறார்கள், ஏறுகிறார்கள்.

நம் பக்கத்துப் பழைய சாலைகளில் சுமைதாங்கிக் கல்லைப் பார்த்திருப்பீர்கள். இரண்டு கல்லை நட்டு, மேலே ஒன்றைக் கிடத்தியிருப்பார்கள். தலைச்சுமைக்காரர் அடுத்தவர் கை உதவி இல்லாமல் சுமையை இறக்கவும், ஓய்ந்தபின் மறுபடி தலையில் ஏற்றிக்கொள்ளவும் தோதான உயரம். அதை நட்டவர் "சுமை தூக்காதே" என்று யாருக்கும் போதிக்கவில்லை. நடந்து போகிறவரின் உயரத்தை அளந்திருக்கிறார். உங்களிடம் நான் கேட்பதும் அந்த அளவெடுப்பைத்தான்.

நான் மருத்துவம் படித்தவள் அல்ல. ஆனால் நாள்பட்ட நோயாளிக்குப் படிக்க நேரம் நிறையக் கிடைக்கும். அதுவும் மல்லாந்து படுத்துக்கொண்டு. என் ஸ்கேன் படத்தை வெளிச்சத்தில் தூக்கிக் காட்டி "பாருங்கள், பிதுங்கியிருக்கிறது" என்று சொன்ன நாளில் எனக்குக் கால் நடுங்கியது உண்மை. பிறகு 2015இல் வெளியான ஒரு தொகுப்பாய்வைப் பற்றிப் படித்தேன். முதுகு வலியே இல்லாதவர்களின் ஸ்கேன்களைத் திரட்டிப் பார்த்திருக்கிறார்கள். ஐம்பது வயதுக்காரர்களில் நூற்றுக்கு 80 பேருக்கு டிஸ்க் தேய்மானம், 60 பேருக்குப் பிதுக்கம். இருபது வயதுப் பிள்ளைகளிலேயே நூற்றுக்கு 30 பேருக்குப் பிதுக்கம் இருந்திருக்கிறது. அதாவது திருநெல்வேலி ஜங்ஷனில் ஒரு பஸ்ஸை மறித்து உள்ளே இருக்கும் என் வயதுக்காரர்களை எல்லாம் ஸ்கேன் எடுத்தால், அல்வா வாங்கிக்கொண்டு சிரித்தபடி வீட்டுக்குப் போகிறவர்களில் பாதிக்கு மேற்பட்டவர்களின் படம் என் படத்தைப் போலத்தான் இருக்கும். இதை எனக்குச் சொல்லியிருந்தால் சில இரவுகளாவது தூங்கியிருப்பேன்.

குதிரை ஏறுகிறவர்களைப் பற்றியே ஓர் ஆய்வு 2009இல் ஜெர்மனியிலிருந்து வந்திருக்கிறது. உயர்நிலைப் போட்டியாளர்கள் 58 பேரையும் குதிரை ஏறாத 30 பேரையும் ஒப்பிட்டார்கள். வலி கண்டவர்கள் குதிரைக்காரர்களில்தான் மிக அதிகம். அதை நான் மறைக்கவில்லை. ஆனால் ஸ்கேனில் பார்த்தால் டிஸ்க் தேய்மானத்தில் இரு தரப்புக்கும் பெரிய வேறுபாடு இல்லை. அப்படியானால் வலி எங்கிருந்து வருகிறது? தசையிலிருந்தா, உட்காரும் விதத்திலிருந்தா, சேணத்திலிருந்தா, லாயத்து வேலையிலிருந்தா? படம் இதற்குப் பதில் சொல்லாது. நோயாளியைத்தான் கேட்க வேண்டும்.

உலக சுகாதார நிறுவனம் நாள்பட்ட கீழ் முதுகு வலிக்கென்று 2023 டிசம்பரில் வழிகாட்டுதல்களை வெளியிட்டது. 2020இல் உலகில் சுமார் 62 கோடிப் பேருக்கு இந்த வலி இருந்தது என்கிறது அந்த நிறுவனம். உடற்பயிற்சி, நோயாளிக்கு நோயைப் புரியவைத்தல், மனத்துக்கான சிகிச்சை ஆகியவற்றைப் பரிந்துரைக்கும் அதே வழிகாட்டுதல், இடுப்பு பெல்ட்டையும் இழுவைச் சிகிச்சையையும் அல்ட்ராசவுண்ட் ஒலியலைச் சிகிச்சையையும் வழக்கமாகக் கொடுக்க வேண்டாம் என்கிறது. எனக்கு எழுதிக் கொடுக்கப்பட்டவை எவை என்று நினைக்கிறீர்கள்? முதல் நாளே பெல்ட், அடுத்து இழுவை, அப்புறம் அல்ட்ராசவுண்ட். அந்தப் பெல்ட்டைக் கட்டிக்கொண்டு குதிரையில் ஏறியவர் உங்களில் யாருமில்லை என்பது எனக்கு நிச்சயம். உட்கார்ந்ததும் அது மேலே ஏறிக் கடைசி விலாவில் முட்டும். இடுப்பு அசையாது; இடுப்பு அசையாவிட்டால் குதிரையின் அசைவு முழுவதும் நடு முதுகுக்குப் போகும். தேரி வெயிலில் பெல்ட்டுக்குள் வேர்த்து, இறங்கும்போது அதன் ஓரம் தோலில் சிவப்பாகப் பதிந்திருக்கும். லாயத்து ஆணியில் இப்போது லகான் தொங்கும் இடத்தில் அதையும் மாட்டி வைத்திருக்கிறேன்.

இனி அந்த ஒருவரைப் பற்றி. பெயர் சொல்ல மாட்டேன். சொன்னால் நாளைக் காலையில் அவர் வாசலில் குதிரைகள் நிற்கும். இளம் இயன்முறை மருத்துவர். "குதிரை ஏறுவேன்" என்று நான் சொன்னதும் நிறுத்தச் சொல்லவில்லை. "எப்படி உட்காருவீர்கள், காட்டுங்கள் அக்கா" என்றார். சிகிச்சை மேசையின் குறுகிய முனையில் இருபுறமும் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்தேன். பின்னால் வந்து நின்று, இடுப்பெலும்பின் இரு மேட்டிலும் கட்டைவிரலை வைத்துப் பார்த்தார். இடது விரல் தாழ்ந்திருந்தது. குதிரை நடக்கும்போது உடம்பு எப்படி அசையும் என்று கேட்டார். அசைத்தேன். "மூச்சை ஏன் பிடித்துக்கொண்டிருக்கிறீர்கள்?" என்றார். பிடித்துக்கொண்டிருக்கிறேன் என்பதே எனக்கு அப்போதுதான் தெரிந்தது. வலி வருமோ என்ற பயத்தில் வயிற்றையும் மூச்சையும் சேர்த்து இறுக்கிக்கொண்டு பலகையாக உட்கார்ந்திருக்கிறேன். மேலே பலகை இருந்தால் கீழே குதிரையும் முதுகைக் குழித்துக்கொண்டு இறுகிப்போகும், இரண்டு இறுக்கமும் ஒன்றோடொன்று மோதும்.

"அடுத்த முறை சேணத்தைக் கொண்டுவாருங்கள்" என்றார். ஆட்டோவில் ஏற்றிப் போனேன். காத்திருந்தவர்களில் ஓர் ஆச்சி, "தையல் மிஷினா தாயி?" என்று கேட்டார். மருத்துவர் அளவு நாடாவை எடுத்து காலை வைக்கும் வளையமான அங்கவடியின் இரண்டு வார்களையும் அளந்தார். ஒரே துளையில் மாட்டியிருந்தும் இடது வார் விரற்கடை நீண்டிருந்தது. தரையிலிருந்து இடக்காலை வைத்து முழு எடையையும் தொங்கவிட்டு ஏறி ஏறி இடப்பக்கத் தோல் இழுபட்டு நீளும் என்பதும், அதனால் வார்களை அவ்வப்போது இடம் மாற்றிப் போட வேண்டும் என்பதும் சேணக்காரர்கள் எல்லோரும் அறிந்த சங்கதி. அந்த வாரையும் என் இடது இடுப்பையும் சேர்த்துப் பார்க்க ஒரு மருத்துவர் தேவைப்பட்டார். வாரை மாற்றினேன். தரையிலிருந்து ஏறுவதை விட்டு, வீட்டுத் திண்ணையை ஒட்டிச் செவலையை நிறுத்தி அங்கிருந்து ஏறப் பழகினேன். முறுக்கிக்கொண்டு ஏறுவது என் இடுப்புக்கும் ஆகாது. ஒரு பக்கமாகச் சேணத்தை இழுப்பது குதிரையின் முதுகுக்கும் ஆகாது. வலி போய்விட்டதா? இல்லை. கெட்ட வாரங்கள் குறைந்திருக்கின்றன. இந்த வயதில் அதுவே பெரிய வரவு.

"குதிரை ஏறுவது" என்று நீங்கள் ஒரே கட்டத்தில் டிக் அடிக்கிறீர்கள். அதற்குள் எத்தனையோ இருக்கிறது. குதிரை நடக்கும்போது ஏறியிருப்பவரின் இடுப்பு முன்பின்னாகவும் பக்கவாட்டிலும் சுழன்றும் அசைகிறது. மனிதர் நடக்கும்போது இடுப்பு அசைவதற்கு மிக நெருக்கமான அசைவு அது. குதிரையின் நடையை வைத்து நரம்பு, தசைக் குறைபாடுள்ள பிள்ளைகளுக்குச் சிகிச்சை அளிக்கும் முறையே அந்த ஒற்றுமையின் மேல்தான் நிற்கிறது. நாற்காலியில் இறுகிப்போன என் இடுப்பு செவலை கொஞ்ச தூரம் நடந்ததும் இளகுகிறது. ட்ராட் என்று சொல்லும் துள்ளோட்டம் வேறு கதை. மூலைக்கு மூலை இரண்டிரண்டு காலாகத் தரையில் விழும். அதில் சேணத்தோடு ஒட்டி உட்கார்ந்தால் ஒவ்வொரு அடியும் முதுகெலும்பில் இறங்கும். தாளத்துக்கு எழுந்து எழுந்து உட்கார்ந்தால் தொடையும் முழங்காலும் அதை வாங்கிக்கொள்ளும். கத்தியவாரி, மார்வாரிக் குதிரைகள் சிலவற்றுக்குப் பிறவியிலேயே ரேவால் என்னும் நடை உண்டு. துள்ளல் இல்லாமல் வழுக்கிக்கொண்டு போவது போன்ற வேகநடை. முதுகு வலிக்காரர் குதிரை வாங்கப் போனால் நிறத்தையும் சுழியையும் பார்ப்பதற்கு முன் அந்த நடை இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஆனால் சந்தையில் எல்லோரும் சுழிதான் பார்க்கிறார்கள்.

நீங்கள் ஒருபோதும் கேட்காத இன்னொன்று, ஏறாத நேரத்தில் நாங்கள் என்ன செய்கிறோம் என்பது. என்னைக் கேட்டால் சவாரியைவிட லாயம்தான் முதுகைத் தின்கிறது என்பேன். காணமும் தவிடும் மூட்டையாக வருகின்றன. தண்ணீர் வாளி ஒரு கையில் போகிறது. சாணம் அள்ளுவது குனிந்துதான். எல்லாவற்றையும்விடக் குளம்பு சுத்தம் செய்வது: குதிரையின் காலை மடக்கித் தொடையில் தாங்கிக்கொண்டு, இடுப்பில் வளைந்து, ஒரு பக்கமாகத் திரும்பி, கொக்கியால் மண்ணையும் கல்லையும் தோண்ட வேண்டும். நாலு காலுக்கும் தினமும். குதிரை சோம்பல் பட்டு எடையை நம் மேல் சாய்த்தால் அதையும் தாங்க வேண்டும். லாடம் அடிக்கும் பெரியவர் ஒருவர் எங்கள் பக்கம் வருவார். நிமிர்ந்து நடந்து நான் பார்த்ததில்லை. மூட்டையைப் பிரித்துப் பாதி பாதியாகத் தூக்குங்கள், ஒரு முழு வாளிக்குப் பதில் இரு கையிலும் அரை வாளி எடுங்கள், குளம்புக்குக் குனியும்போது முழங்காலை மடக்குங்கள் என்று சொல்ல மருந்துச் சீட்டில் மூன்று வரி போதும். அந்த மூன்று வரியை எனக்கு எழுதித் தந்த மருத்துவர் யாருமில்லை. நானே வலித்து வலித்துக் கற்றுக்கொண்டேன்.

எடையைக் குறைக்கச் சொல்கிறீர்கள். அதில் எனக்கு மறுப்பில்லை. சவாரிக்காரரும் சேணமும் சேர்ந்து குதிரையின் எடையில் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டக்கூடாது என்பது பொதுவான கணக்கு. செவலை 350 கிலோ என்றால் எனக்கும் சேணத்துக்கும் சேர்த்து 70தான். உங்கள் தராசில் ஏறுவதற்கு முன்பே நான் அவளுக்குக் கணக்குச் சொல்லியாக வேண்டும்.

நிறுத்து என்று நீங்கள் கட்டாயம் சொல்ல வேண்டிய நேரங்களும் உண்டு. சேணத்தில் பதியும் இடம் மரத்துப்போனால், சிறுநீரோ மலமோ கட்டுப்பாட்டில் இல்லாமல் போனால், பாதம் தூக்க வராமல் தொய்ந்தால் அது வீட்டில் எண்ணெய் தேய்த்துப் பார்க்கும் விஷயம் அல்ல. அன்றே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டிய அவசரம். விழுந்தபின் வரும் வலி, காய்ச்சலோடு வரும் வலி, காரணமில்லாமல் உடம்பு இளைத்து வரும் வலி, எலும்பு மெலிந்த வயதான பெண்களின் வலி எல்லாவற்றிலும் உங்கள் சொல்லே முடிவு. அப்போது நிறுத்தச் சொன்னால் ஏன் என்று கேட்க மாட்டோம். எல்லோருக்கும் எப்போதும் அதையே சொல்லிக்கொண்டிருந்தால், உண்மையாகவே நிறுத்த வேண்டியவர் அதையும் வழக்கமான பேச்சு என்று தள்ளிவிடுவார். பந்தய ஓட்டித் தம்பிக்கு ஒரு நாள் கால் மரத்தால் அவர் யாரிடம் போவார் என்ற கவலை எனக்கு இருக்கிறது. மருந்துக் கடைக்காரரிடம்தான் போவார்.

ஆகவே உங்களிடம் கேட்பது இதுதான். என்ன வேலை என்று கேட்பதோடு நிற்காமல் அந்த வேலையைச் செய்து காட்டச் சொல்லுங்கள். மேசை முனை இருக்கிறது, ஒரு சுளகோ வாளியோ மாவுப் பையோ உங்கள் அறையில் கிடந்தால் என்ன குறைந்துவிடும்? சீட்டில் மாத்திரைக்குக் கீழே, எப்படி உட்கார வேண்டும், எதை எப்படித் தூக்க வேண்டும் என்று தமிழில் சில வரிகள் எழுதிக் கொடுங்கள். பெண் நோயாளியிடம் பேச வேண்டியதைப் பெண்ணிடமே பேசுங்கள். வலிமாத்திரையை எத்தனை நாளைக்கு மேல் விழுங்கக்கூடாது என்பதைக் குரலை உயர்த்தியாவது சொல்லுங்கள்.

இன்னொரு யோசனையும் உண்டு, இது கொஞ்சம் பெரியது. ராமையன்பட்டியில் கால்நடை மருத்துவக் கல்லூரி 2012 முதல் இயங்குகிறது. பாளையங்கோட்டையில் அரசு மருத்துவக் கல்லூரியும் சித்த மருத்துவக் கல்லூரியும் அறுபதுகளிலிருந்து இருக்கின்றன. கால்நடை மருத்துவர்கள் குதிரையின் முதுகையும் சேணத்தையும் பார்க்க, நீங்கள் பக்கத்திலேயே நின்று ஓட்டியின் முதுகைப் பார்க்க ஒரு நாள் முகாம் போட முடியாதா? முதுகு நொந்த குதிரை ஒரு பக்கம் கோணி நடக்கும். அதன் மேல் உட்காருகிறவரும் கோணுவார். இருவரையும் தனித்தனி ஊரில், தனித்தனி நாளில் பார்த்தால் அந்தக் கோணல் எவர் கண்ணிலும் படாது. முகாம் என்றால் மருந்துக் கம்பெனிக்காரர் பையோடு வந்து நிற்பார். அவரை மட்டும் தேநீர் கொடுத்து அனுப்பிவிடலாம்.

இடம், பந்தல், தண்ணீர் எங்கள் பொறுப்பு. பந்தய ஓட்டிகளையும் கல்யாணக் குதிரைக்காரர்களையும் கடற்கரைப் பையன்களையும் கூட்டிவருவது என் பொறுப்பு. அந்த லாடக்காரப் பெரியவரைக் கையைப் பிடித்தாவது இழுத்துவருவேன். தேதியை நீங்கள் குறியுங்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமையாக, தேரியில் வெயில் ஏறுவதற்கு முன் முடிகிற மாதிரி இருக்கட்டும். ஆடிக் கொடைகளுக்கு முன்பாக இருந்தால் இன்னும் நல்லது. பந்தயங்கள் தொடங்கிவிட்டால் ஓட்டிகள் ஒருவரும் கைக்குக் கிடைக்க மாட்டார்கள்.

இப்படிக்கு,
உடன்குடிப் பக்கத்துச் செவலைக்காரி